இயற்கைக் கோலமும் வேளாண் தேர்வும்

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் வழியாக அவலூர்பேட்டைக்குப் பேருந்தில் வருவோர் கண்ணில் முதற்கண் படுவன பாறைகளே. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற கருங்கற் குன்றுகள், அவற்றின் அடியில் எதிர்பாராத ஒரு பசுமைப் பட்டை, அதனையடுத்து ஏரி, ஏரிக்கரைக்கு அப்பால் கழனி. நாள்தோறும் காணும் காட்சியாதலின் நம்முள் எவரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. செஞ்சி என்றதும் தேசிங்குராசனையும் அவன் உயிர்த்தோழன் மகபத்கானையும் எண்ணுகின்றோம். 2025 ஜூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையும் இடம்பெற்றபோது பெருமிதம் கொண்டோம். ஆயின் கோட்டையைத் தாங்கி நிற்கும் அம்மலைகளும், மலையடி நிலமும் உழவர்க்கு உரைக்கும் பாடம் ஒன்று உண்டு. அதனைப் படிப்பார்தாம் இல்லை.

சென்ற ஆண்டு எம் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவலூர்பேட்டையை அடுத்த சிற்றூரினர். அவருடைய அத்தாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். மேற்பாதி செம்மண் மேடு. கீழ்ப்பாதி ஏரிப்பாசனத்துக்கு உட்பட்ட தாழ்நிலம். போர் போட்டும் தண்ணீர் போதவில்லை. மல்லாட்டைக்கு ஓராண்டு விலை இருந்தால் மறு ஆண்டு இல்லை. மனைத்தரகர் வீட்டுத் திண்ணைக்கு வந்து போகின்றார். ‘விற்றுவிடலாம்’ என்பது அத்தாவின் கட்சி. ‘ஓராண்டு பொறுங்கள்’ என்பது மகனின் கட்சி. மகன் தம் செல்பேசியில் சில படங்களைக் காட்டினார். நத்தை ஓடுபோலச் சுருண்டெழும் பாத்தி, தாமரை வடிவில் வகுத்த தோட்டம், சாவித்துளை வடிவப் பாத்தி, சரிவின் குறுக்கே வளைந்தோடும் அகழி. “இவற்றுள் எதனை ஐயா யான் தேர்ந்தெடுப்பது?” என்பது அவர் வினா. அவருக்கு யான் அன்று கூறிய விடை அரைகுறையானது. அதனை ஈண்டு விரித்துரைக்க முயல்கின்றேன்.

பெயரும் பொருளும்

பெர்மாகல்ச்சர் என்னும் சொல், நிலையானது என்றும் வேளாண்மை என்றும் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவைச் சார்ந்த டாஸ்மேனியாத் தீவில் பில் மாலிசனும், அவரிடம் பயின்ற இளைஞரான டேவிட் ஹோல்ம்கிரனும் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வாயிலாக இச்சொல் உலகெங்கும் பரவிற்று. தமிழில் இதனை நிலைத்த வேளாண்மை என்பாரும், நீடித்த வேளாண்மை என்பாரும் உளர். எப்பெயரால் அழைப்பினும் கருத்து ஒன்றே. ஆண்டுதோறும் உழுது, விதைத்து, உரமிட்டு, மருந்தடித்து இயற்கையோடு மல்லுக்கு நிற்பதற்கு மாறாக, ஒரு காடு தன்னைத்தானே எவ்வாறு தாங்கிக்கொள்கின்றதோ அவ்வாறே வீடும் தோட்டமும் நீரும் கால்நடையும் ஒன்றையொன்று தாங்குமாறு நிலத்தை முன்கூட்டியே வடிவமைத்தல் என்பதே அது. மாலிசன் 1980களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து பயிற்சியளித்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 2017 நவம்பரில், இத்துறையினரின் உலக மாநாடு ஐதராபாத்தில் கூடிற்று. தமிழகத்திலோ கோ. நம்மாழ்வார் அவர்கள் 2013இல் மறையும் வரை ஊர் ஊராக நடந்து, இதே திசையில் உழவரை அழைத்த வண்ணம் இருந்தார்.

இத்துறை நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்ற சொல் பேட்டர்ன் என்பதாம். அமைப்பு, வடிவம், ஒழுங்கு என்றெல்லாம் மொழிபெயர்ப்பர். கோலம் என்னும் நம் சொல்லே பொருத்தமென யான் கருதுகின்றேன். இலையின் நரம்பு, ஆற்றின் கிளை, நத்தையின் ஓடு, தேனடையின் அறை, மணலில் காற்று வரையும் அலை ஆகிய அனைத்தும் இயற்கை இடும் கோலங்களே. மாலிசன் 1988இல் எழுதிய பெருநூலில் இதற்கெனத் தனி இயலே அமைத்துள்ளார். ஹோல்ம்கிரன் 2002இல் தொகுத்த பன்னிரண்டு நெறிகளுள் ஒன்று, முதலில் கோலத்தைக் கண்டுகொண்டு பின்னரே நுணுக்கங்களுக்கு இறங்க வேண்டும் என்பது.

இந்நெறியை நம்மவர் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டனர் என்பதே என் குறைபாடு. கோலத்தைக் கண்டுகொள் என்றால், நத்தை வடிவில் பாத்தி கட்டு என்று பொருள்கொள்கின்றனர். நத்தை வடிவப் பாத்தி தீயதன்று. கற்களைச் சுற்றி அடுக்கி மண் நிரப்பினால், சிறு இடத்திலேயே உச்சியில் உலர்வும் அடியில் ஈரமும், ஒருபுறம் வெயிலும் மறுபுறம் நிழலும் கிடைக்கும்; குளிர்நாட்டில் சமையலறை வாயிலில் மூலிகை வளர்க்க மிகவும் ஏற்றது. சித்திரை வெயிலில் செஞ்சிப் பகுதியில் அதே கற்குவியல் அடுப்பாகி, நட்ட துளசியையும் புதினாவையும் வாட்டிவிடும். கோலம் என்பது பார்வைக்கான உருவமன்று. அது செய்யும் வேலையே கோலம். உருவத்தை நகலெடுத்து வேலையை விட்டுவிடுவது, எழுத்தின் வளைவுகளை வரையக் கற்றுப் படிக்கக் கல்லாமைக்கு ஒப்பாகும்.

யான் செய்த பிழை

பிறரைக் குறை கூறுமுன் என் பிழையையும் சொல்லிவிடுதல் முறை. பல்லாண்டுகளுக்கு முன் எங்கள் குடும்ப நிலத்தின் தாழ்ந்த பகுதியில் யானும் ஒரு நூலைப் படித்துவிட்டு அகழி வெட்டினேன். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் செல்லும் அகழி. வெட்டிய மண்ணால் அதன் கீழ்ப்புறம் வரப்பு. மழைநீர் ஓடிவிடாமல் நின்று மண்ணுள் இறங்கும் என்பது நூலின் வாக்கு. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயைக் கொண்டு அங்குலம் பிசகாமல் மட்டம் பார்த்தேன். பக்கத்து நிலத்துப் பெரியவர் வரப்பில் அமர்ந்து இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார். மூன்றாம் நாள், “பாய், தண்ணி எங்க நிக்கணும்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. அது எங்க போவணும்னு கெடக்குதுன்னு பாத்தீங்களா?” என்றார். யான் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நீர் நின்றது, நூல் சொன்னவாறே நின்றது. ஆனால் அது களிமண் கலந்த தாழ்நிலம். ஏற்கெனவே ஏரியின் கசிவால் ஊறிக் கிடப்பது. அங்கு நின்ற நீர் கீழே இறங்க இடமின்றிப் பக்கவாட்டில் பரவி, மல்லாட்டைச் செடிகளின் வேரைச் சூழ்ந்தது. மண்ணுக்குள்ளேயே காய்கள் அழுகின. அதே அகழியை மேட்டுச் செம்மண்ணில் வெட்டியிருந்தால் கிணற்றில் இரண்டு முழம் நீர் ஏறியிருக்கும். முறை தவறன்று, இடம் தவறு. பெரியவர் சுட்டியது இதனைத்தான். அவர் பள்ளிக்குச் சென்றவரல்லர். ஆயின் அந்நிலத்தில் ஐம்பது மழைக்காலங்களைப் படித்தவர்.

பாறையும் முள்ளும்

எனவே தேர்வு செய்யுமுன் நம் நிலத்தின் கோலங்கள் யாவை என்று காண்போம். செஞ்சி வட்டாரத்தில் அவற்றுள் முதலாவது பாறை. வெறும் பாறைமேல் விழும் மழையில் பெரும்பங்கு வழிந்து கீழே இறங்கிவிடும். வீட்டுக் கூரையின் நீர் இறவாணத்தில் வடிந்து ஓரிடத்தில் சேர்வதைப் போல, ஒரு பெரும்பாறை தன்மேல் பெய்த மழையனைத்தையும் தன் அடியில் உள்ள குறுகிய மண்பட்டைக்குக் கொடுத்துவிடுகின்றது. அம்மண்ணுக்குக் கிடைப்பது வானம் பொழிந்ததைப் போல் பன்மடங்கு. பேருந்திலிருந்து காணும் பசுமைப் பட்டையின் காரணம் இதுவே. இச்சி மரம் பாறையிடுக்கில் வேரோட்டி நிமிர்வதும் இதனாலேயே. கோட்டை கட்டியவர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மலைமேல் சுனைகளும், மலையடியில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் பாறையின் இவ்வியல்பைப் பயன்கொண்டு அமைந்தவை. படையெடுத்து வந்த முகலாயர் 1698 வரை ஆண்டுக்கணக்கில் கோட்டையை முற்றுகையிட வேண்டியிருந்தமைக்கு மதில்கள் மட்டுமல்ல, உள்ளே வற்றாதிருந்த நீரும் ஒரு காரணம் என்று கொள்வதில் பிழையில்லை.

இக்கோலத்தை நிலத்தில் செயற்படுத்துவது எளிது. மேட்டுக்கொல்லையில் பாறை இருந்தால், வெடிவைத்து அகற்றப் பணம் செலவிடுவதை நிறுத்தி, அதன் சரிவடியில் பிறை வடிவக் குழி தோண்டிக் கொய்யாவோ சீத்தாவோ எலுமிச்சையோ நடலாம். பாறையே அம்மரத்துக்கு நீர் பாய்ச்சும்.

இரண்டாவது கோலம் முட்புதர். மேய்ச்சல் நிலத்தில் வேப்பங்கன்று தனியே பிழைப்பதில்லை; ஆடு விட்டுவைக்காது. ஆனால் களாவோ சூரையோ மண்டிய புதருக்குள் பாருங்கள். பழம் தின்ற பறவை அங்கு அமர்ந்து எச்சமிடுகின்றது. முள் ஆட்டைத் தடுக்கின்றது. நிழல் ஈரத்தைக் காக்கின்றது. உதிர்ந்த சருகு உரமாகின்றது. சில ஆண்டுகளில் புதரின் நடுவிலிருந்து வேம்பு தலை நீட்டும். செவிலித் தாய் போல முள் வளர்க்கின்றது. வேலியோரத்து முட்புதரை முற்றாக வெட்டி எரித்துவிட்டு, அரசு கொடுக்கும் கன்றுகளை வெட்டவெளியில் நட்டுக் கம்பிவலைக் கூண்டு வைக்கின்றோம். கூண்டு திருடுபோகின்றது, கன்று காய்கின்றது. (முள்ளைத் திருடுவார் இல்லை என்பதும் ஒரு நன்மை.)

இக்கோலம் பெரிய அளவிலும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் அக்காலத்தில் நிலம் செம்புழுதியாகவும் மழைநீர் அறுத்த பள்ளங்களாகவும் கிடந்தது. பெய்த மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு கடலுக்கு ஓடிற்று. அங்குக் குடியேறியோர் வரப்புகள் எழுப்பி நீரைத் தடுத்தனர். பின் வெயிலுக்கும் காற்றுக்கும் அஞ்சாது விரைந்து வளரும் அயல்நாட்டு வேலமர வகையை முதலில் நட்டனர். அம்மரங்களின் நிழலிலேயே இந்நிலத்துக்குரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள் பின்னர்த் தலையெடுத்தன. நமக்கு இன்னும் அணித்தாக உள்ள திருவண்ணாமலையில், விறகுக்கும் தீக்கும் இரையாகி மொட்டையாகக் கிடந்த மலையை 1980களின் இறுதியிலிருந்து தொண்டர் பலர் கன்று நட்டும், தீத்தடுப்புப் பட்டைகள் வகுத்தும் பசுமையாக்கி வருகின்றனர். இவ்விரண்டு இடங்களிலும் கோலத்தின் வேலையே கைக்கொள்ளப்பட்டது. முள் செய்ததை வேல் செய்தது. உருவம் வேறு, தொழில் ஒன்று.

பிறைக்கரை

மூன்றாவது கோலமே தலையாயது. ஏரிக்கரையின் மீது நின்று இருபுறமும் நோக்குக. கரை நேர்கோடாக இராது; பிறைபோல் வளைந்திருக்கும். நடுவில் உயர்ந்தும், இரு கொம்புகளில் தாழ்ந்து மேட்டோடு கலந்தும் போகும். நாற்புறமும் கரை கட்டாமல், நிலத்தின் சரிவையே நான்காம் சுவராகக் கொண்டமையால் குறைந்த மண்ணில் நிறைந்த நீர் நிற்கின்றது. மலையிலிருந்து சிற்றோடைகள் பல கூடி வரத்துக்கால் ஆகின்றன. வரத்துக்கால் ஏரியை நிரப்புகின்றது. மதகுகளின் வழியே நீர் மீண்டும் பல கால்வாய்களாகப் பிரிந்து கழனிதோறும் பாய்கின்றது. வேரில் பலவாய்த் தொடங்கி, அடிமரத்தில் ஒன்றாகி, கிளையில் மீண்டும் பலவாகும் மரத்தின் கோலமே இது. நிறைந்த ஏரி கோடி போனால் மிகைநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு.

ஆஸ்திரேலியாவில் பி. ஏ. யோமன்ஸ் என்பவர் 1954இல் நிலத்தின் மடிப்பைப் படித்து நீரைப் பகிரும் திட்டம் ஒன்றை வகுத்து வெளியிட்டார். பெர்மாகல்ச்சர் அறிஞர் அவரைத் தம் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுவர், போற்றத் தகுந்தவரே. தமிழகத்திலோ ஏறத்தாழ 39,000 ஏரிகள் இக்கணக்கின்படி அமைந்துள்ளன. அவற்றுள் பல யோமன்சுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. இதனை எழுதும்போது, ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மார்தட்டும் ஆசை எனக்கும் எழுகின்றது. அடக்கிக்கொள்கின்றேன். அன்று இருந்தது இன்று எந்நிலையில் உள்ளது? வரத்துக்காலின்மேல் கடைகளும் மனைகளும், ஏரி வயிற்றில் வேலிக்காத்தான் காடு, மதகுக்குக் கதவில்லை. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரைச் சூட்டி அரசு ஏரிகளைத் தூர்வாரத் தொடங்கிற்று. அதனால் நலம் பெற்ற ஏரிகளும் உண்டு. ஆயின் ஏரியைத் தோண்டி, அதற்கு நீர் கொணரும் காலைத் தோண்டாவிட்டால், அடிமரத்துக்கு மருந்து பூசி வேரை வெட்டியது போலாகும்.

மற்றொன்றையும் மறைத்தலாகாது. பண்டைய ஏரிப் பாசனம் அனைவர்க்கும் ஒருபடித்தாய் நீர் கொடுத்ததில்லை. தலைமடையில் நிலம் வைத்திருந்தோர் எவர், கடைமடையில் காத்துக் கிடந்தோர் எவர், கரையடைக்க மண் சுமந்தும் நிலமே இல்லாதிருந்தோர் எவர் என்பதை ஊரில் மூத்தோர் அறிவர். கோலத்தை மீட்கும்போது அந்தப் பங்கீட்டையும் சேர்த்து மீட்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

கோடி இல்லாத ஏரி இல்லை

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இப்பகுதியில் ஓராண்டில் பெய்வதே ஏறத்தாழ 100 சென்டிமீட்டர்தான். கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் 100 சென்டிமீட்டர் மழை என்பது 40 இலட்சம் லிட்டர் நீர். அதில் பாதி, 20 இலட்சம் லிட்டர், ஒரே பகலிரவில் ஒவ்வோர் ஏக்கரின்மேலும் கொட்டிற்று. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீட்டின்மேல் விழுந்ததில் 7 பேர் மாண்டனர்.

மழையைத் தேக்குவது எவ்வாறு என்றே நம் இளைஞர் பயிலும் முறைகள் பெரும்பாலும் பேசுகின்றன. தேங்கியது நிரம்பினால் எங்கே போகும் என்பதற்கு அவை அரைப் பக்கமே ஒதுக்குகின்றன. நம் நாட்டு ஏரியில் கோடி என்பது கரைக்கு ஒத்த தகுதியுடையது. கோடி அமைக்காது கரை கட்டிய ஊர் கரையை இழக்கும் என்பதை முன்னோர் பட்டறிந்திருந்தனர். ஆகவே தோட்டத்தில் வெட்டும் சிறு அகழிக்கும் ஒரு கோடி வேண்டும். அது கல் பாவியதாக, புல் பிடித்ததாக, அண்டை வீட்டான் நிலத்தை அறுக்காததாக இருக்க வேண்டும். ஒரு முறையைத் தேர்ந்தெடுக்குமுன் யான் கேட்கும் முதல் வினா இன்று இதுவே. 51 சென்டிமீட்டர் மழை நாளிலும் அதனையடுத்த மூன்றாண்டு வறட்சியிலும் இம்முறை என்ன செய்யும்?

பாலைவனச் சோலையின் மூன்றடுக்கு

நீருக்கடுத்து வெயில். வட ஆப்பிரிக்காவில், துனீசியா போன்ற நாடுகளின் பாலைவனச் சோலைகளில் பல நூற்றாண்டுகளாக மூன்றடுக்குப் பயிர் உண்டு. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, ஒலிவம், அவற்றின் நிழலில் காய்கறியும் தீவனமும். பேரீச்சை தலையில் வெயிலை ஏற்றுக்கொண்டு கீழுள்ளவற்றுக்கு வடிகட்டித் தருகின்றது. நீர் மேலடுக்கின் வேருக்கென விடப்பட்டாலும், ஆவியாகிப் போகுமுன் மூன்று அடுக்கும் அதனால் பயன்கொள்கின்றன. ஸ்பெயினில் இஸ்லாமியர் ஆட்சியிருந்த காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு அல் அவ்வாம் என்னும் பேரறிஞர் வேளாண்மைக்கென்றே ஒரு பெருநூல் யாத்தார். மண்ணின் தரம் அறிவதிலிருந்து மரம் ஒட்டுவது வரை அதில் பேசப்படுகின்றன. வேளாண் கல்வி நம் முன்னோர்க்கு ஏட்டுக் கல்வியின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதற்கு இஃதொரு சான்று. நம் கல்லூரிகளில் அது எப்போது கீழிறங்கிற்று என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

அதற்காகப் பேரீச்சையைக் கொணர்ந்து அவலூர்பேட்டையில் நடுக என்று சொல்லவில்லை. இங்கு அவ்விடத்தை நிரப்பத் தென்னையும் பனையும் உள. அடுத்த அடுக்குக்கு முருங்கை, கொய்யா, எலுமிச்சை, அதன்கீழ் வாழை, அதன்கீழ் மஞ்சளோ சேனையோ. தமிழகத்தில் ஐந்தடுக்கு முறை என்று இதனை உழவர் பலர் பயின்று வருகின்றனர். மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் ஆமணக்கும், ஊடே துவரையும் காராமணியும் விதைத்த நம் பாட்டன்மாரும் அடுக்கறிந்தவர்களே. ஒற்றைப் பயிருக்கு மாறியபின் அது வழக்கொழிந்து வருகின்றது.

ஒரு நியாயமான மறுப்பு

“காடு காய்க்க ஏழாண்டு ஆகும்; எனக்கு நூற்றுப்பத்து நாளில் பணம் வேண்டும்” என்று மாணவரின் அத்தா சொன்னதாக அறிந்தேன். இதற்கு விடை சொல்லாத எந்த வேளாண் கொள்கையும் ஏழை உழவனுக்குப் பயன்படாது. நகரத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு வந்து திருவண்ணாமலைச் சாலையில் நிலம் வாங்குவோர் ஏழாண்டு காத்திருக்கலாம். அவர்தம் தோட்டத்துப் படத்தைக் காட்டி, விதை மல்லாட்டைக்குக் கடன் வாங்கியவரை, ‘நீரும் அவ்வாறே செய்க’ என்பது அறமாகாது.

என் கருத்து இது. இரண்டு ஏக்கரையும் ஒருசேர மாற்ற வேண்டுவதில்லை. நடுநிலத்தில் மல்லாட்டையும் உளுந்தும் கேழ்வரகும் வழக்கம்போல் விளைந்து, அவலூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகட்டும். மாற்றம் ஓரங்களில் தொடங்கட்டும். இயற்கையிலும் காடும் வெளியும் சந்திக்கும் விளிம்பில்தான் உயிர்வகை மிகுதி. நீரும் நிலமும் சந்திக்கும் கரையில்தான் மீனும் கொக்கும் மிகுதி. வரப்பும் வேலியும் கிணற்றுமேடும் பாறையடியும் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு நிலம் தேறும். வேலியில் களாவும் நொச்சியும், அவற்றின் காப்பில் வேம்பும் புங்கமும், வரப்பில் துவரையும் அகத்தியும், கிணற்றடியில் ஐந்தடுக்கு. மேட்டுச் செம்மண்ணில் மட்டும் சமமட்ட அகழி, ஒரு கோடியோடு. தாழ்நிலத்தை நெல்லுக்கே விட்டுவிட்டு, அதன் வடிகாலைத் தூர்வாரினால் போதும். இச்செலவு ஒரு புதிய போர் போடும் செலவில் சிறு பங்கே. போர் போட்டவர் எல்லாம் ஒரே நிலத்தடி நீரை ஒருவர்க்கொருவர் அறியாமல் உறிஞ்சுகின்றனர். ஆழம் கூடக்கூடக் கடனும் கூடுகின்றது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இவையனைத்தும் அவர் நிலத்துக்கே உரிய பரிந்துரை. அடுத்த ஊரில் களர்மண் இருந்தால் வேறு சொல்ல வேண்டும். ஆதலின் ஒரு பருவமேனும் நிலத்தைப் பார்த்திருத்தலே எம்முறைக்கும் முற்பட்ட முறை. மழை நாளில் குடையுடன் சென்று நீர் எங்கே நுழைகின்றது, எங்கே விரைகின்றது, எங்கே நிற்கின்றது என்று பார்க்க வேண்டும். கோடையில் எந்த இடத்துப் புல் கடைசியாகக் காய்கின்றது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு ஒன்று கூறுவேன். வரத்துக்கால், மதகு, கோடி, தலைமடை, கடைமடை, கொல்லை, கழனி ஆகிய சொற்கள் வெறும் பெயர்களல்ல; ஒவ்வொன்றும் நிலத்தின் ஒரு கோலத்தையும் அதன் தொழிலையும் குறிக்கும். திணை வகுத்து நிலத்தையும் நீரையும் மரத்தையும் தொழிலையும் ஒருசேர எண்ணிப் பழகிய மொழி நம் மொழி. இச்சொற்கள் வழங்கும் முதியோர் அருகி வருகின்றனர். மாணவர் தத்தம் ஊரின் ஏரிச் சொற்களையும், வரத்துக்காலின் வழியையும், எந்த ஏரியின் கோடி எந்த ஏரிக்குச் செல்லும் என்பதையும் முதியோரிடம் கேட்டு எழுதி, ஒரு வரைபடத்தோடு துறையில் சேர்ப்பித்தால் அதனைவிடச் சிறந்த ஆய்வேடு ஒன்றை யான் வேண்டேன். ஊர் ஜமாஅத்தும் பஞ்சாயத்தும் கூடி ஆக்கிரமிப்பைப் பேசும் நாளில், அவ்வேடு சான்றாகவும் நிற்கும்.

மாணவரின் நிலத்தில் இதுவரை ஒரு குழியும் வெட்டப்படவில்லை. தரகரிடம் முன்பணம் வாங்குவதை அத்தா தள்ளி வைத்திருக்கின்றார். மறுத்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. மகனோ நிலத்தின் நான்கு மூலைகளிலும் குச்சி நட்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டுடன் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கின்றார். முதல் மழையன்று என்னையும் வரச் சொல்லியிருக்கின்றார். பக்கத்து நிலத்துப் பெரியவரையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.